வாட்டர்லூ ஸ்திரீட்டும் நெப்போலியனும்

கேள்வி: கிருஷ்ணன் கோயிலுக்குப் போகும் வழியில் தெருப்பலகையைப் பார்த்த என் பேத்தி, "நெப்போலியன் தோத்துப்போன வாட்டர்லூ இதுதானா பாட்டி?" என்று கேட்டாள். அந்தச் சண்டைக்கும் நம் ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– ஈசூன் வாசகி

பதில்: முப்பது வருடமாக அந்தத் தெருவில் துளசி மாலை வாங்குகிறேன். எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி அம்மா இது!

1815 ஜூன் 18இல் சண்டை நடந்த வாட்டர்லூ பெல்ஜியத்தில் இருக்கிறது. நம் சிங்கப்பூர்த் தெருவுக்கு முதலில் சர்ச் ஸ்திரீட் என்றுதான் பெயர். ஊரில் இன்னொரு சர்ச் ஸ்திரீட்டும் இருந்து குழப்பியதால் 1858இல் அந்தச் சண்டையின் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். அவ்வளவுதான்.

பேத்திக்குச் சொல்ல வேண்டியது ஜாவா கதை. 1810இல் நெப்போலியன் ஹாலந்தைப் பிரான்சோடு சேர்த்துக்கொண்டார். டச்சுக்காரர்களின் ஜாவாவும் கூடவே அவர் கைக்குப் போனது. பிரிட்டிஷாருக்கு வயிற்றில் புளி கரைந்தது. இந்தியாவின் கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபு தாமே கிளம்பி வந்துவிட்டார். மலாக்காவில் கூடிய படையில் ஏறக்குறைய 12,000 பேர். பாதிப் பேர் இந்தியச் சிப்பாய்கள். வங்காளப் படையினர்தான் அதிகம் என்றாலும், தளபதி ஆக்மூட்டி நம் சென்னைப் படையின் தலைவர். கப்பல்கள் சிங்கப்பூர் நீரிணை வழியாகத்தான் போயின. மிண்டோவோடு, பின்னாளில் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸும் இருந்தார். அவர் நம் கரையில் கால்வைக்க இன்னும் ஏழரை வருடம் பாக்கி (சனியை நினைக்காதீர்கள்).

1811 ஆகஸ்ட் 4இல் பத்தாவியா அருகே இறங்கினார்கள். 26ஆம் தேதி மீஸ்டர் கொர்னேலிஸ் அரணைப் பிடித்தார்கள். அது இன்றைய ஜகார்த்தாவின் ஜாத்திநெகாரா. ஒருமுறை அங்கே போய் அரணைத் தேடினேன். சந்தை நெரிசலில் என் குடையைத் தொலைத்ததுதான் மிச்சம். எதிர்த்தரப்பு ஜெனரல் யான்சென்ஸ் பாவம், 1806இல் தென்னாப்பிரிக்காவின் கேப்பையும் இதே பிரிட்டிஷாரிடம் இழந்தவர். செப்டம்பரில் இங்கேயும் சரணடைந்தார்.

அப்புறம் ராஃபிள்ஸ் ஜாவாவை ஆண்டார். லண்டனோ 1814 ஒப்பந்தப்படி அதை டச்சுக்காரர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது. அவருக்கு மனம் ஆறவேயில்லை. டச்சுக்காரர்கள் கைபடாத துறைமுகம் ஒன்றைத் தேடித்தான் 1819 ஜனவரியில் இங்கே வந்து சேர்ந்தார்.

பேத்திக்கு இதையும் சொல்லுங்கள்: 1816இல் ஜாவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பும் வழியில், செயின்ட் ஹெலினா தீவில் கைதியாக இருந்த நெப்போலியனை ராஃபிள்ஸ் நேரிலேயே பார்த்திருக்கிறார். அந்த மனிதரை அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை.