குடியிருப்புக்குள் ஜிம்: மெஷின் வாங்கும் முன் அறையைப் பாருங்கள்

இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி அடுக்ககங்களிலிருந்து வந்தவை. எல்லாமே பொது உடற்பயிற்சிக் கூடம் பற்றித்தான். பதில் சொல்லும்போது திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டேன்: இந்த அறைக்குள் யார் வரப்போகிறார்கள்?

எங்கள் வளாகத்தில் 84 வீடுகள். பில்டர் 600 சதுர அடி அறை கொடுத்திருக்கிறார். நான்கு டிரெட்மில் வாங்கலாம் என்று கமிட்டியில் பேச்சு. சரியா? (ஓசூர், பாகலூர் சாலை)

நான்கு வேண்டாம், இரண்டு போதும். டிரெட்மில் ஏறக்குறைய 7 அடி நீளம், 3 அடி அகலம் இருக்கும். ஆனால் அது பிடிக்கும் இடம் அவ்வளவோடு நிற்காது. ஓடுபவர் தடுமாறினால் பெல்ட் அவரைப் பின்னால் தள்ளிவிடும். அங்கே சுவரோ வேறொரு மெஷினோ இருந்தால் தலையில்தான் அடி. அதனால் பின்புறம் 2 மீட்டர், அதாவது ஆறரை அடி, வெறுமையாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் அரை மீட்டர் வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒன்றுக்கு 60 சதுர அடிக்கு மேல் போய்விடும். நான்கு வைத்தால் உங்கள் அறையில் ஐந்தில் இரண்டு பங்கு அவற்றுக்கே போய்விடும். வளாகத்தைச் சுற்றி நடைபாதை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இரண்டு டிரெட்மில்கூட மழை நாளுக்கும் இருட்டு வேளைக்கும்தான் தேவைப்படும்.

மிச்சமாகும் பணத்தில் சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் ஒன்று, இரண்டு பக்கமும் கேபிள் இழுக்கும் மெஷின் ஒன்று, சாய்மானம் மாற்றக்கூடிய பெஞ்ச், 1 கிலோவிலிருந்து 15 கிலோ வரை டம்பெல் ஜோடிகள் வாங்குங்கள். பிறகு 150 சதுர அடியில் எதையும் வைக்காமல் விடுங்கள். கமிட்டிக் கூட்டங்களில் இந்த வெற்றிடத்துக்காகத்தான் நான் அதிகம் வாதாடுவேன். பாய் விரித்து ஆசனம் செய்பவர், முதுகுவலிக்கு பிசியோதெரபிஸ்ட் சொன்னதைச் செய்பவர், ஸ்கிப்பிங் ஆடும் பிள்ளை என எல்லாருக்கும் அந்த இடம்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசை வலுப்பயிற்சியும் சொல்கிறது. நம் கமிட்டிகள் முதல் பாதிக்குச் செலவழித்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகின்றன.

ஒன்று கவனியுங்கள். வீட்டு உபயோகத்துக்கான மாடல்களைப் பொது இடத்தில் வைத்தால் பெரும்பாலும் வாரண்டி செல்லாது. பில் போடும் முன் வாரண்டி தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

நாங்கள் முதல் தளத்தில் இருக்கிறோம். படுக்கையறைக்கு நேர் மேலே ஜிம். காலை 5 மணிக்கே "டொம் டொம்" என்று இடிக்கிறது. ரப்பர் மேட் போட்டாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறது சங்கம். (கிருஷ்ணகிரி)

செய்ய முடியும். உங்களை எழுப்புவது காற்றில் வரும் சத்தம் அன்று, கான்கிரீட் வழியே இறங்கும் அதிர்வு. பாட்டுச் சத்தம் என்றால் கதவைச் சாத்தினால் குறையும். அதிர்வுக்குக் கதவு ஒரு பொருட்டே இல்லை, ஸ்லாப், பீம், தூண் என்று ஊர்ந்து இரண்டு வீடு தள்ளியும் கேட்கும். ஓடும் ஒருவரின் ஒவ்வொரு அடியும் அவர் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையோடு விழுகிறது. கையிலிருந்து நழுவும் டம்பெல் அதைவிட மோசம்.

உங்கள் சங்கம் போட்டிருப்பது 8 மில்லிமீட்டர் மேட்டாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது டைல்ஸ் உடையாமல் காக்கும், அதிர்வைத் தடுக்காது. எடை தூக்கும் பகுதிக்கு 40 மில்லிமீட்டருக்குக் குறையாத ரப்பர் டைல் வேண்டும், அல்லது மெத்தென்ற அடுக்கின் மேல் பலகைத் தளம் அமைத்து மேலே ரப்பர் போட வேண்டும். டிரெட்மில்லின் நான்கு காலுக்கும் அதிர்வு உறிஞ்சும் தாங்கிகள் கிடைக்கின்றன. ஸ்லாபின் நடுவே நிற்கும் மெஷினைத் தூணை ஒட்டி, பீமின் மேல் வரும்படி நகர்த்தினாலே ஓரளவு வித்தியாசம் தெரியும். இதற்குப் பைசா செலவில்லை, அதனால் இதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

இதைவிட முக்கியமான கேள்வியை நான் கேட்கிறேன். அந்த ஸ்லாப் ஜிம்முக்காகத்தான் வடிவமைக்கப்பட்டதா? இந்தியத் தர நிர்ணயத்தின்படி வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்கு, அதாவது மேலே வரும் ஆட்கள், பொருட்களின் எடைக்கு, கணக்கிடப்படுகிறது. நிலையான இருக்கை இல்லாமல் மக்கள் கூடும் அரங்குக்கு அது 500 கிலோ. உங்கள் ஜிம் முதலில் காலி ஃபிளாட்டாக இருந்து பின்பு மாற்றப்பட்டது என்றால், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்து வரைபடத்தைக் காட்டாமல் விடாதீர்கள். எடைத் தட்டுகளை ஒரே மூலையில் அடுக்கி வைக்கும் பழக்கத்தையும் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை சட்டம் உங்கள் பக்கம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு 10 முதல் காலை 6 வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதிக்கு அந்த நேரத்து வரம்பு 45 டெசிபல். காலை 6 மணிக்கு முன் டிரெட்மில்லும் எடையும் கிடையாது, ஆசனமும் சைக்கிளும் மட்டும் என்று தீர்மானம் போடக் கேளுங்கள். புதிதாகக் கட்டுபவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: எடைப் பகுதி தரைத் தளத்தில், மண்ணின் மேல் போட்ட தளத்தில் இருக்கட்டும்.

ஸ்டில்ட் பார்க்கிங்கில் (தூண்களுக்கு நடுவே திறந்திருக்கும் கீழ்த்தளக் கார் நிறுத்தம்) மூன்று கார் இடத்தைக் கண்ணாடி போட்டு மூடி ஜிம் ஆக்கலாமா? (தருமபுரி, பென்னாகரம் சாலை)

கூடாது. அந்தப் பார்க்கிங்கைக் கணக்கில் காட்டித்தான் உங்கள் கட்டடத்துக்கு அனுமதி கிடைத்தது, மூடினால் அது விதிமீறல். கார் புகையை மூச்சிழுத்துக்கொண்டு உடற்பயிற்சி செய்வது இன்னொரு கேடு. சமுதாயக் கூடம் இருந்தால் அதில் ஒரு ஓரத்தை ஒதுக்குங்கள், கூட்டம் நடக்கும் நாட்களில் சக்கரம் வைத்த ரேக்கைச் சுவரோரம் தள்ளிவிடலாம்.

ஓசூரில்தான் குளிர்ச்சியாக இருக்கிறதே, ஜிம்முக்கு ஏசி தேவையா? (ஓசூர், மத்திகிரி)

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருந்தால் ஆண்டின் பெரும்பகுதி ஏசி இல்லாமலே ஓட்டலாம். தருமபுரியில் சித்திரை வைகாசிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஏசி போட்டவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஸ்பிலிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்பத் தருகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. கதவு ஜன்னலை அடைத்துப் பத்துப் பேர் மூச்சு வாங்கினால் அரை மணியில் தலை கனக்கும், வியர்வை வாடை நிற்கும். உடற்பயிற்சிக் கூடத்தில் மணிக்கு 8 முதல் 12 முறை காற்று மாற வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். 600 சதுர அடி, 10 அடி உயரம் என்றால் 6,000 கன அடி. மணிக்குப் பத்து முறை என்றால் நிமிடத்துக்கு 1,000 கன அடியை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வேண்டும். குளியலறைக்குப் போடும் சின்ன ஃபேன் அதற்குப் போதாது. ஏசிக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் இதை முடியுங்கள்.

அப்பாவுக்கு 68 வயது. போர் தண்ணீர் குடித்தே வளர்ந்தவர். முழங்காலும் முதுகும் விறைத்துப்போய் இருக்கின்றன. எங்கள் ஜிம்மில் அவருக்கு என்று எதுவுமே இல்லை. (தருமபுரி)

இந்தக் கேள்வியை இரண்டு மாவட்டத்திலும் உள்ள ஒவ்வொரு சங்கமும் படிக்க வேண்டும். நம் பகுதி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காகத்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகள் போர் தண்ணீரை மட்டுமே குடித்தவர்கள்தான் இன்று நம் வீடுகளில் தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். ஃப்ளோரைடு எலும்பில் படிந்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகும். எக்ஸ்ரேயில் எலும்பு அடர்த்தியாகத் தெரியும், ஆனால் எளிதில் முறியும். அதனால் முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும்வரை கனமான எடை, கழுத்தை வளைக்கும் ஆசனம் இரண்டும் வேண்டாம்.

சங்கத்திடம் நீங்கள் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஒரு சுவர் நெடுகிலும் இடுப்பு உயரத்தில் ஸ்டீல் கைப்பிடி. அதைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கலாம், குதிகால் தூக்கலாம், பக்கவாட்டில் நடக்கலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி வாரம் மூன்று நாள் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தனியாகவே சொல்கிறது. அடுத்து, கை வைத்த கனமான நாற்காலி இரண்டு, சக்கரம் இல்லாதவையாக. உட்கார்ந்து எழுவதே தொடைக்கு நல்ல வலுப்பயிற்சி. முதுகைச் சாய்த்து மிதிக்கும் சைக்கிள், ரப்பர் பட்டைகள், 1 கிலோ டம்பெல் இருந்தால் போதும். வாசலில் படி இருந்தால் சாய்தளம் போடச் சொல்லுங்கள்: ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் கைத்தடியோடு ஏற முடியாது.

இதையெல்லாம் அறையின் கடைக்கோடியில் ஒதுக்காமல் வாசலுக்கு அருகிலேயே வைக்கட்டும். இரும்புச் சத்தத்தைக் கடந்து உள்ளே நடக்கத்தான் பெரியவர்கள் தயங்குகிறார்கள்.

இங்கே கிரானைட் மலிவு. ஜிம் முழுக்க பாலிஷ் கிரானைட் போடலாமா? (கிருஷ்ணகிரி)

வெளி வராண்டாவுக்குப் போடுங்கள், அதுவும் சொரசொரப்பாக எரித்த கல்லாக இருக்கட்டும். உள்ளே பாலிஷ் கல்லின் மேல் வியர்வைச் சொட்டு விழுந்தால் வழுக்கிவிடும். ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் பெயர்க்க வேண்டாம், மேலே ரப்பர் தளம் ஒட்டுங்கள்.

ஜிம் இருக்கிறது, ஆனால் பெண்கள் யாரும் போவதில்லை. நாலு பக்கமும் கண்ணாடி. பெண்களுக்குத் தனி நேரம் கேட்டால் "யாரும் வருவதே இல்லையே" என்கிறார்கள். (ஓசூர்)

வருவதில்லை என்பதைக் காரணமாகக் காட்டி வர வழி செய்யாமல் இருப்பது நியாயமே இல்லை. கண்ணாடியில் தரையிலிருந்து 5 அடி உயரம் வரை மங்கல் ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள். வெளிச்சம் வரும், உள்ளே ஆள் இருப்பதும் தெரியும், ஆனால் போகிறவர் வருகிறவர் பார்வை உள்ளே விழாது. கேமரா வாசலில் இருக்கட்டும், பாய் விரிக்கும் பகுதியை நோக்கி இருக்கக் கூடாது. பதிவை யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும்.

தனி நேரத்தைக் காலை 11 மணிக்கு மட்டும் வைத்து ஏமாற்றிவிடுவார்கள். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாலை 7 மணிக்கும் ஒரு மணி நேரம் வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து நடத்திப் பார்த்த பிறகுதான் கணக்கெடுக்க வேண்டும்.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நான் வீடு வரும்போது இரவு 10.30. ஜிம்மை 9 மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். (ஓசூர்)

ஓசூரில் இது நியாயமான கோரிக்கை. அட்டை தேய்த்துத் திறக்கும் பூட்டு போட்டால் காவலரை எழுப்ப வேண்டியதில்லை. ஆனால் 10 மணிக்கு மேல் சைக்கிள், ரப்பர் பட்டை, பாய் மட்டும். டிரெட்மில்லின் மின்சாரத்தைத் தனி சுவிட்சில் அணைத்து வைக்கலாம். நள்ளிரவில் தனியாக இருப்பவர் மயங்கி விழுந்தால் யாருக்குத் தெரியும்? காவலர் அறையில் மணி அடிக்கும் அவசர பட்டன் இரண்டு, கை எட்டும் உயரத்தில் ஒன்று, தரையை ஒட்டி ஒன்று என்று வையுங்கள். 108 எண்ணையும் வளாகத்தின் முழு முகவரியையும் சுவரில் பெரிதாக எழுதுங்கள். காவலர்களுக்கு நெஞ்சழுத்த முதலுதவிப் (சிபிஆர்) பயிற்சி கட்டாயம் கொடுங்கள்.

டிரெட்மில் போர்டு அடிக்கடி எரிந்துபோகிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும்போது பெல்ட் சட்டென்று நின்று ஒருவர் விழுந்தும்விட்டார். (பர்கூர்)

எல்லா டிரெட்மில்லையும் ஒரே லைனில் கோத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் டிபியிலிருந்து (மின் பகிர்வுப் பெட்டி) தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், சரியான ஏர்த், மின்கசிவு துண்டிப்பான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. வோல்டேஜ் ஏறி இறங்கும் இடத்தில் சர்வோ ஸ்டெபிலைசர் போட்டால் போர்டு தப்பும். பெல்ட்டுக்கு அடியில் சிலிக்கான் எண்ணெய் இடாமல் ஓட்டினாலும் உராய்வு கூடி, மோட்டார் அதிக கரண்ட் இழுத்து, போர்டு சூடாகும். கையேட்டில் சொன்ன இடைவெளியில் எண்ணெய் இடும் பொறுப்பை ஓர் ஆளின் பெயரில் எழுதி வையுங்கள்.

விழுந்தவர் விஷயம்: கரண்ட் போகும் நொடியில் பெல்ட் நிற்பதை உங்களால் தடுக்க முடியாது. வேகத்தைக் குறைத்து ஓடுவதும், கைப்பிடி எட்டும் தூரத்தில் இருப்பதும்தான் காப்பு. ஆள் தவறினால் மெஷினை நிறுத்தும் சிவப்புச் சாவியைச் சட்டையில் மாட்டாமல் யாரையும் ஏற விடாதீர்கள். பல ஜிம்களில் அந்தச் சாவி மெஷினிலேயே நிரந்தரமாக ஒட்டப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். இன்றே போய் அதைப் பிரித்தெடுங்கள்.