அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் உச்சத்தில் இருந்தபோதே ஸ்டாண்ட்-அப்பை, அதாவது மேடையில் தனியாக நின்று செய்யும் காமெடியை, ஏன் விட்டார்? அவர் காமெடியில் அப்படி என்ன புதுசு?

புதுசு என்னவென்றால், கடைசி வரி 'பஞ்ச்'சையே அவர் தூக்கிப்போட்டார். பஞ்ச் வந்ததும் கூட்டம் பழக்கதோஷத்தில் சிரிக்கிறது. அந்தச் சைகையே கிடைக்காவிட்டால்? எங்கே சிரிப்பது என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். அப்போது வருவதுதான் நிஜச் சிரிப்பு என்பது அவர் கணக்கு. கல்லூரியில் தத்துவம் படித்தவர், அதன் வாசனை இதில் அடிக்கும்.

சிறுவயதில் டிஸ்னிலாந்தில் வழிகாட்டிப் புத்தகம் விற்றார், அப்புறம் அங்கேயே மேஜிக் கடையில் வேலை. டிவிக்கு எழுதி 1969-ல் எம்மி விருதும் வாங்கினார். மேடையில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பார், தலையைத் துளைத்த மாதிரி ஒரு பொம்மை அம்பு மாட்டியிருப்பார். தான் பெரிய கலைஞன் என்று நம்பும் ஒரு மடையன், அதுதான் பாத்திரம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நிகழ்ச்சி முடிந்தும் கூட்டம் கலையவில்லை. வெளியே அழைத்துப்போய், தண்ணீரில்லாத நீச்சல் குளத்துக்குள் எல்லோரையும் இறக்கி, அவர்கள் தலைக்கு மேலே 'நீந்தினார்'!

இந்த விளையாட்டுக்குச் சின்ன அரங்கம் வேண்டும். 70-களின் கடைசியில் அவர் நிகழ்ச்சிகள் ஆயிரக்கணக்கானோர் கூடும் ஸ்டேடியங்களுக்குப் போய்விட்டன. தூரத்தில் இருப்பவருக்கும் தெரியட்டும் என்றே வெள்ளை கோட்-சூட் போட்டார். வாயைத் திறக்கும் முன்பே கைதட்டல். சோதனை செய்ய இடமே இல்லை. 1981-ல் நிறுத்திவிட்டு சினிமாப் பக்கம் போய்விட்டார். என்னைக் கேட்டால், சரியான முடிவுதான்.