காண்ட்ராவுக்கு முதலிடம் கொடுத்தால் தப்பா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 37. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், இதுவரை விளையாடியதிலேயே ரொம்பப் பிடித்த பத்து வீடியோ கேமை ஆளாளுக்கு வரிசைப்படுத்திப் போடணும் என்று ஒரு பேச்சு வந்தது. பெங்களூரில் இருக்கும் என் சித்தி மகன் ‘ஆக்கரினா ஆஃப் டைம்’, ‘டார்க் சோல்ஸ்’, ‘விட்சர் 3’, ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ என்று அடுக்கிவிட்டான். என்னுடையது காண்ட்ரா, மரியோ, ரோட் ராஷ், வைஸ் சிட்டி, கிரிக்கெட் 07, நோக்கியா பாம்பு, கவுண்டர் ஸ்ட்ரைக், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, இப்போது ராத்திரியில் விளையாடும் பிஜிஎம்ஐ (பப்ஜியின் இந்தியப் பதிப்பு). ஒன்பதுக்கு மேல் வரவில்லை. “என்னண்ணே, சின்னப் பிள்ள லிஸ்டா இருக்கு” என்கிறான். வரிசையும் எனக்குத் தினம் ஒரு மாதிரி வருகிறது. வைஸ் சிட்டியை நான் முடித்ததே இல்லை, சேர்க்கலாமா? அவன் சொல்வதை எல்லாம் விளையாடிவிட்டுத்தான் பட்டியல் போட வேண்டுமா? இன்னொன்று: மகனுக்குக் காட்டலாம் என்று பழைய மாதிரி டிவி கேம் செட் ஒன்று வாங்கினேன். வாத்து சுடுகிற துப்பாக்கி வேலை செய்யவில்லை. செட் பழுதா?

பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, நீங்கள் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் துப்பாக்கியை முடித்துவிடுவோம். செட் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் எல்.இ.டி. டிவிதானே? அதில் அந்தத் துப்பாக்கி சுடாது. வாத்து சுடுகிற அந்த ‘டக் ஹன்ட்’ 1984-ல் வந்த கேம். அந்தக் காலத்துப் பெட்டி டிவியை நம்பிச் செய்தது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கியின் முனையில் வெளிச்சத்தை உணரும் சென்சார் ஒன்று உண்டு. கறுப்புக்கு அடுத்த நொடித்துளியில் வெள்ளை தெரிந்தால் அடி பட்டது என்று கணக்கு. பெட்டி டிவி படத்தை உடனே வரைந்துவிடும். இப்போதைய டிவி வாங்கிய படத்தைக் கொஞ்சம் பக்குவம் பண்ணித்தான் காட்டும். அதற்குள் ‘குறி தப்பிவிட்டது’ என்று கேம் முடிவு கட்டி, திரையில் இருக்கும் நாய் எழுந்து சிரித்துவிடும். சொந்தக்காரர் வீட்டுப் பரணில் பெட்டி டிவி எதுவும் கிடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, பட்டியலுக்கு வருவோம்.

ஒரு காலத்தில் பாளையங்கோட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன் நான். பள்ளிக்கூடம் விட்டதும் யூனிபார்மோடு வருவான்கள். எது பெரிய கேம் என்று வாசலிலேயே வாக்குவாதம் நடக்கும். ஒருத்தன் ரோட் ராஷ் என்பான், ஒருத்தன் வைஸ் சிட்டிக்கு மேல் எதுவுமே கிடையாது என்பான். பையில் கடைசியாக இருக்கும் சில்லறையை எண்ணி மேசையில் வைத்து “அண்ணாச்சி, இன்னும் அரை மணி நேரம் மட்டும்” என்று கேட்பான் பாருங்கள், அப்போது எல்லாக் கையும் ஒரே இடத்துக்குத்தான் போகும்: கவுண்டர் ஸ்ட்ரைக், டஸ்ட் 2 மேப். பிளைவுட் தடுப்புக்கு மேலே “ஏலே, பொறத்தால வாரான் பாரு” என்று சத்தம் பறக்கும். வாய் சொன்ன வரிசை வேறு, சில்லறை சொன்ன வரிசை வேறு. நான் சில்லறையைத்தான் நம்புவேன்.

உங்கள் பட்டியலும் இப்படி எப்போதோ போட்டாயிற்று தம்பி. காசோ நேரமோ கரண்டோ குறைவாக இருந்தபோது நீங்கள் எதை எடுத்தீர்களோ, அதுதான் மேலே. நாலாவதற்கும் ஏழாவதற்கும் நடுவே தினமும் இடம் மாறுவதற்குக் கவலைப்படாதீர்கள், அங்கே யாருக்குமே தெளிவு கிடையாது. முதல் மூன்றை மட்டும் உறுதி பண்ணுங்கள். ஒன்பதையும் ஒன்றாகப் பார்த்தால் தலை சுற்றும். இரண்டிரண்டாக எடுத்து, ‘அரை மணி நேரம்தான் இருக்கிறது, இந்த இரண்டில் எது?’ என்று கேளுங்கள். யோசிக்காமல் வரும் பதிலை எழுதிக்கொண்டே போனால் வரிசை தானாக விழும்.

கரண்ட் என்று சும்மா சொல்லவில்லை. நம் ஊர் டிவி கேம் கேசட்டில் சேவ் கிடையாது. கரண்ட் போனால் மரியோ எட்டாவது உலகத்தில் நின்றாலும் மறுபடி முதல் ஸ்டேஜ்தான். காண்ட்ராவில் மொத்தமே எட்டு ஸ்டேஜ், கை பழகிய இரண்டு பேர் அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். சாயங்காலம் விளக்கு வைத்த நேரத்தில் கரண்ட் போவதற்கு முன்னால் முடிக்கிற மாதிரி ஒரு கேம் வேண்டும் என்றால் அதுதான். உங்கள் தம்பி முதலில் போட்டிருக்கும் ஆக்கரினா, ‘லெஜண்ட் ஆஃப் செல்டா’ வரிசையில் வந்தது. 1986-ல் தொடங்கிய வரிசை அது. நாள் கணக்கில் சுற்ற வேண்டிய கேம் என்பதால் அதன் கேசட்டுக்குள்ளே சேவ் பண்ண பேட்டரியே வைத்தார்கள். நம் தெருவுக்கு வந்ததெல்லாம் ‘99999 கேம்’ என்று மேலே அச்சடித்த மஞ்சள் கேசட். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து கேம்தான் ஸ்டேஜ் மாறி மாறி வரும். அதில் செல்டாவுக்கு எங்கே இடம்? உங்கள் பட்டியலில் அது இல்லாததற்கு உங்கள் ரசனை காரணம் இல்லை.

அதற்காக உங்கள் தம்பியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆக்கரினா 1998-ல் வந்தது. எதிரியை ஒரு பட்டனில் பூட்டிப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிச் சண்டை போடுவது அதில்தான் ஒழுங்காக அமைந்தது. அவர் அடுத்து எழுதியிருக்கும் டார்க் சோல்ஸும் விட்சர் 3-உம் அதே வித்தையில் ஓடுபவை. நிஜமாக விளையாடியவர் அதை முதலில் வைத்தால் நியாயம்தான். நிஜமாக விளையாடினாரா என்று தெரிய ஒரே ஒரு கேள்வி போதும்: “வாட்டர் டெம்பிள்ல எவ்வளவு நேரம்டா மாட்டிக்கிட்டுக் கெடந்த?” ஏரிக்கு அடியில் இருக்கும் கோயில் அது. தண்ணீரை ஏற்றி இறக்கி வழி கண்டுபிடிக்க வேண்டும். மூழ்க இரும்பு பூட்ஸ், மிதக்க அதைக் கழற்ற வேண்டும். பழைய நின்டெண்டோ 64 கேம் செட்டில் ஒவ்வொரு தடவையும் கேமை நிறுத்தி மெனுவுக்குள் போய்த்தான் மாட்டிக் கழற்ற முடியும். விளையாடியவன் அந்தப் பெயரைக் கேட்டதுமே புலம்ப ஆரம்பிப்பான். புலம்பல் வரவில்லை என்றால், எங்கேயோ யாரோ போட்ட வரிசையைத் தம்பி அப்படியே இறக்கியிருக்கிறார்.

காண்ட்ரா சின்னப் பிள்ளை கேம் என்றால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. மூன்றாவது ஸ்டேஜ் அருவி ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேரில் ஒருத்தன் அவசரப்பட்டு மேலே தாவினால் திரையும் கூடவே ஏறும், கீழே நிற்பவன் செத்தான். எத்தனை அண்ணன் தம்பி அந்த அருவியில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்! 30 லைஃப் வாங்க மேலே மேலே கீழே கீழே என்று அமுக்குவோமே, அந்த வரிசையை உண்டாக்கியவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற ஜப்பான்காரர். 1986-ல் ‘கிராடியஸ்’ என்ற கேமைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அவராலேயே அதை விளையாடி முடிக்க முடியவில்லை என்று தனக்காக வைத்துக்கொண்ட குறுக்கு வழி அது. கேமைச் செய்தவருக்கே வேண்டியிருந்த உதவியை நாம் வாங்கிக்கொண்டதில் வெட்கம் என்ன?

என்னைக் கேட்டால் மரியோதான் மேல். 1985-ல் வந்த அந்த முதல் ஸ்டேஜில் ஒரு எழுத்து விளக்கம் கிடையாது. எதிரே ஒன்று நடந்து வருகிறது, தாவாவிட்டால் சாவு, ஆகவே தாவக் கற்றுக்கொண்டாயிற்று. முதல் காளான் வலது பக்கம் ஓடி, குழாயில் முட்டி, நம்மைப் பார்த்தே திரும்பி வரும். பயந்து ஒதுங்கினாலும் மேலே மோதிவிடும், மோதினால் உடம்பு பெரிதாகும். அப்புறம் காளானைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? ஆனால் கேட்டது உங்கள் பட்டியல். கடிதத்தில் யோசிக்காமல் முதலில் எழுதியது காண்ட்ரா, அதை அங்கேயே வையுங்கள்.

ரோட் ராஷை மட்டும் அனுப்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். 1996-ல் வந்த அந்த கம்ப்யூட்டர் பதிப்பில் இருப்பது ஐந்தே ரோடு. போகப் போகத் தூரம்தான் கூடும். சங்கிலியைப் பிடுங்கி அடிப்பதும், போலீஸை உதைத்துத் தள்ளுவதும் இன்னமும் சந்தோஷம்தான், இருபது நிமிஷத்துக்கு. என் கணக்கில் இரண்டு இடமாவது இறங்கும். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா அதற்கு நேர் எதிர், இன்றைக்கும் உள்ளங்கை வேர்க்கும். 1989-ல் வந்தது. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டு வீடியோ எடுத்து, அதை ஒவ்வொரு அசைவாகப் பார்த்து வரைந்தார். இளவரசன் விளிம்பைப் பிடித்துத் தொங்கும்போது நிஜ மனுஷ உடம்பின் கனம் தெரிவது அதனால்தான். மேலே ஏற்றுங்கள்.

வைஸ் சிட்டியை முடிக்காதவர்கள்தான் நம் ஊரில் அதிகம். ‘பான்சர்’ என்று தட்டி டாங்கியை வரவழைத்து ஊரை நாசம் பண்ணியே பள்ளிக்கூடக் காலத்தை ஓட்டியவர்கள் பாதிப் பேர். அதுவும் விளையாட்டுதான், தாராளமாகச் சேருங்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஆரம்பத்தில் புயல் எச்சரிக்கை என்று பாலங்களை அடைத்து வைத்திருப்பார்கள், சில மிஷன் முடித்தால்தான் மேற்குத் தீவுக்கு வழி திறக்கும். அதைத் தாண்டவே இல்லை என்றால், திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் நின்றுகொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜங்ஷன் என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டவர் மாதிரிதான் நீங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாலத்தைத் தாண்டிவிட்டு எழுதுங்கள்.

பாம்புக்கும் கிரிக்கெட் 07-க்கும் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. கிரிக்கெட் 07-க்கு அப்புறம் அதை விட்ட ஈ.ஏ. கம்பெனி கிரிக்கெட் கேமே விடவில்லை, விளையாடுகிற பிள்ளைகளே வருஷா வருஷம் ஜெர்சியையும் வீரர் பட்டியலையும் மாற்றி இன்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அது போதாதா?

சிக்கல் பிஜிஎம்ஐ-யில் இருக்கிறது. மணிக்கணக்கைப் பார்த்தால் அதுதான் முதலிடத்துக்கு வரும், ஆனால் அந்த மணிகளில் எவ்வளவு உங்களுடையது? தினசரி மிஷன், இன்றோடு முடியும் பரிசு என்று போன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. காண்ட்ரா உங்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை, நீங்களாகத்தான் போனீர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது, 2021 ஜூலையில்தான் பிஜிஎம்ஐ என்று திரும்பி வந்தது. நடுவில் இருந்த மாதங்களில் அதை நினைத்து ஏங்கினீர்களா, இல்லை இரண்டே நாளில் வேறு எதையோ எடுத்துக்கொண்டீர்களா? ஏங்கியிருந்தால் ஐந்துக்குள் வையுங்கள். மறந்திருந்தால் எடுத்துவிடுங்கள், எட்டோடு நிற்கட்டும்.

தம்பி சொன்னதை எல்லாம் விளையாடித் தீர்க்க வேண்டுமென்றால் நல்ல கம்ப்யூட்டரும் கல்யாணம் ஆகாத வயதும் வேண்டும். அது வேண்டாம். காலியாக இருக்கும் இடத்துக்கு நான் ஒன்று சொல்கிறேன்: ‘ஸ்டார்டியூ வேலி’. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, படம், பாட்டு, எழுத்து எல்லாம் தானே செய்து 2016-ல் வெளியிட்டது. தாத்தா விட்டுப்போன நிலத்தில் பயிர் வைக்கும் கேம். ஒரு பருவத்துக்கு 28 நாள், பருவம் மாறினால் நிற்கிற பயிர் அநேகமாகப் பட்டுப்போகும். கார், பிசானம் என்று நெல் பருவம் பார்த்து வளர்ந்த ஆளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி படுத்தால் அன்றைய நாள் சேவ் ஆகிவிடும். போனிலேயே கிடைக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் நடுவில் விளம்பரம் வராது. பிசான நெல் ஆலைக்கு வர ஆரம்பிப்பதற்கு முன்னால் தொடங்கிவிடுங்கள், அப்புறம் உங்களுக்கு நேரம் இருக்காது.