பெண்டுலம் மாற்றும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சாவி கொடுக்கும் பழைய சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலம் தொலைந்துவிட்டது. வேறொன்றை மாட்டினால் நாளுக்கு அரைமணி நேரம் முந்திப் போகிறது. குண்டின் எடை போதாதா?

பதில்: எடை காரணமில்லை. நீளம் குறைவு. எத்தனை ஆட்டத்துக்கு முள் எவ்வளவு நகர வேண்டும் என்பதைச் சக்கரங்களின் பற்கள் முடிவு செய்துவிட்டன. அதற்கேற்ற நீளத்தை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கத் தொலைந்த பெண்டுலம் தேவையில்லை. இப்போது மாட்டியிருப்பதையே ஆடவிட்டு, நிமிட முள் 10 நிமிடக் கோடுகளைக் கடப்பதற்குள் எத்தனை ஒலி என்று எண்ணுங்கள். கடிகாரம் வேகமாக ஓடினாலும் இந்த எண்ணிக்கை மாறாது. 'டிக்'கை மட்டும் எண்ணி இரட்டித்தால் தடுமாற்றம் வராது. அதை 6-ஆல் பெருக்கினால் மணிக்கான கணக்கு. 3,600-ஐ அந்த எண்ணால் வகுத்து, வர்க்கமாக்கி, 99.4-ஆல் பெருக்குங்கள், நீளம் சென்டிமீட்டரில் வரும். 10 நிமிடத்துக்கு 1,200 ஒலி என்றால் மணிக்கு 7,200. நீளம் சுமார் 24.8 செ.மீ.

இது தொங்கு ஸ்பிரிங் (பெண்டுலத்தை மேலே தாங்கும் மெல்லிய உலோகப் பட்டை) வளையும் இடத்திலிருந்து ஏறக்குறைய குண்டின் நடுமையம் வரையுள்ள அளவு. கம்பியின் முழு நீளமல்ல. கம்பிக்கும் எடை உண்டென்பதால் குண்டு சற்றுக் கீழேதான் நிற்க வேண்டியிருக்கும். எனவே நான்கைந்து செ.மீ. கூடுதலாகவே கம்பியை வெட்டுங்கள்.

பிறகு குண்டுக்கு அடியிலுள்ள நட்டால் சரிசெய்யலாம்: இறக்கினால் மெதுவாகும், ஏற்றினால் வேகமெடுக்கும். இந்த நீளத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு நாளுக்குச் சுமார் 3 நிமிடம். உங்கள் அரைமணிக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறக்க வேண்டும். திருகும்போது குண்டை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். தொங்கு ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டால் பெண்டுலம் தள்ளாடும். ஒருமுறை திருகியபின் ஒரு முழுநாள் பொறுத்துத்தான் அடுத்த திருகு.

கேள்வி: புதுப் பெண்டுலம் கால்மணி நேரம் ஆடி நின்றுவிடுகிறது. ஏன்?

பதில்: முதலில் காதைக் கொடுங்கள். 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி சமமாக இல்லாவிட்டால் கடிகாரம் நின்றுவிடக்கூடும். பெட்டியை இடமோ வலமோ மெல்லச் சாய்த்து, ஒலி சமமாகும் நிலையிலேயே மாட்டுங்கள். அப்போது பெட்டி கோணலாகத் தெரிந்தால், நேராக நிறுத்திவிட்டு, கம்பியைத் தள்ளும் கவையை மயிரிழை அளவு ஒரு பக்கம் வளையுங்கள். ஒலி மோசமானால் எதிர்ப்பக்கம்.

ஒலி சமமாக இருந்தும் நின்றால் உரசலைத் தேடுங்கள். குண்டு பின்பலகையிலோ கதவிலோ படுகிறதா? கவைக்குள் கம்பிக்கு ஒரு காகிதத் தடிமன் இடைவெளி வேண்டும். இறுகினால் ஆட்டம் அடங்கும், அதிகம் தளர்ந்தால் உந்து விசை வீணாகும். தொங்கு ஸ்பிரிங் மடங்கியிருந்தால் நிமிர்த்திப் பயனில்லை. அதே தடிமனில் புதிது போடுங்கள். தடித்தது போட்டால் ஆட்டமும் குறையும், கடிகாரமும் முந்தும்.