பீரோவில் இருந்த ராணுவ ஜாக்கெட்டில் பூஞ்சணம்

கேள்வி: ஊட்டிப் பயணத்துக்கு மட்டும் போடும் எம்-65 ரக ராணுவ ஜாக்கெட்டை பாலித்தீன் கவரில் சுற்றி பீரோவில் வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்து எடுத்தால் காலரிலும் பாக்கெட் மடிப்பிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். துவைத்தால் போய்விடுமா? - வாசகர், வேளச்சேரி

பதில்: போய்விடும். ஆனால் எடுத்தவுடன் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள். ஈரம் பட்டால் பூஞ்சணம் நூலிடுக்குக்குள் இறங்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, ஜாக்கெட்டை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டித் தேயுங்கள். அதை வீட்டுக்குள் செய்தால் பொடி மற்றத் துணிகளில் போய் உட்காரும். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒரு மணி நேரம் வெயிலில் போடுங்கள். அதற்கு மேல் வேண்டாம், ஆலிவ் பச்சை தோள்பட்டையில்தான் முதலில் வெளுக்கும். அடுத்து, ஒரு பங்கு வெள்ளை வினிகரில் நான்கு பங்கு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒற்றி, அரை மணி நேரம் விட்டுத் துவையுங்கள்.

பிளீச்சிங் பக்கம் போகவே போகாதீர்கள். 1965-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த இந்த ஜாக்கெட்டின் துணி பாதி பருத்தி, பாதி நைலான். பிளீச்சில் சாயம் போகும், நைலானும் இற்றுப்போகும். வினிகரோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது ஆபத்து.

பூஞ்சணம் காலரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. காலரின் ஜிப்பைத் திறந்து பாருங்கள், உள்ளே தலைமூடி சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வெளித்துணி காய்ந்து மொறுமொறுவென்று இருக்கும்போதும் அந்தச் சுருளுக்குள் ஈரம் நிற்கும். வியர்வை உப்பு வேறு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பாலித்தீன் அதை வெளியே விடாது. ஒவ்வொரு முறையும் தலைமூடியை வெளியே இழுத்துவிட்டுக் காய வையுங்கள். இடுப்புக் கயிறு ஓடும் மடிப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். துவைத்துக் காய்ந்த பின் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. மெஷினில் போடலாமா? - வாசகி, பெருங்குடி

பதில்: அந்தக் கோடு உப்பும் சோப்பும் சேர்ந்த படிவு. சோப்புக் கட்டியை விட்டுவிட்டு லிக்விட் டிடர்ஜென்டுக்கு மாறுங்கள். 15 லிட்டர் பக்கெட்டுக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். கடைசி அலசலை மட்டுமாவது மெட்ரோ தண்ணீரில் செய்யுங்கள். மே மாத மதியத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் சுடும், அதனால் காலையிலேயே துவைத்துவிடுங்கள்.

மெஷினில் போடலாம், தனியாக. பஞ்சு வைத்த உள்லைனரைப் பட்டன் கழற்றி எடுத்துவிடுங்கள். ஜிப், டிச் பட்டன், கை நுனி வெல்க்ரோ எல்லாவற்றையும் மூடி, உள்பக்கத்தை வெளியே திருப்புங்கள். திறந்த வெல்க்ரோ துணியைப் பிறாண்டிவிடும். ஜென்டில் சுற்று போதும். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம். நீர் ஒட்டாமல் இருக்கப் பூசிய பூச்சு வேலை செய்யாமல் போகும். கஞ்சியும் வேண்டாம், வெள்ளிப்பூச்சிக்கு அது விருந்து. நிழலில், அகலமான ஹேங்கரில் மாட்டுங்கள். அயர்ன் செய்தே ஆக வேண்டும் என்றால் ஒற்றைப் புள்ளிச் சூட்டில், மேலே ஒரு துணி விரித்து.

கேள்வி: ஜாக்கெட் பாக்கெட்டில் அந்துருண்டையும் கற்பூரமும் சேர்த்துப் போட்டு வைக்கலாமா? - வாசகர், பெரம்பூர்

பதில்: கூடவே கூடாது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் இளகி நீராகி, துணியில் எண்ணெய்க் கறைபோல் இறங்கும். அந்துருண்டை ஈரத்தை உறிஞ்சாது, பூஞ்சணத்தையும் தடுக்காது. துவைத்துச் சுத்தமாக வைத்த பருத்தி-நைலான் துணியை அந்துப்பூச்சி சீண்டுவதும் இல்லை. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வாங்கி பீரோவில் தொங்கவிடுங்கள். மணிகளின் நிறம் மாறினால் மாற்றுங்கள். பாலித்தீனுக்குப் பதில் பழைய பருத்தித் தலையணை உறையில் ஓட்டை போட்டு ஹேங்கரோடு மாட்டிவிடலாம். சுவரோடு ஒட்டிய பீரோவை நான்கு விரல் தள்ளி வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பத்து நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் மாட்டுங்கள். அப்படி எடுக்கும்போது பித்தளை ஜிப்பில் பச்சை படிந்திருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, பற்களில் மெழுகுவர்த்தியை இரண்டு முறை இழுத்து ரன்னரை மேலும் கீழும் ஓட்டுங்கள்.