கேளுங்கள், மாஸ்டர்!

கேள்வி: அமெரிக்காவின் யூசிஎல்ஏ கல்லூரிக் கூடைப்பந்து அணி தொடர்ந்து 88 ஆட்டங்களில் வென்றதாக என் மகன் அடித்துச் சொல்கிறான். நம்பலாமா மாஸ்டர்? எப்படி முடிந்தது?
– வாசகி, செந்தூல்

பதில்: நம்பலாம் அம்மா. 1971 ஜனவரி இறுதியில் தொடங்கிய ஓட்டம் 1974 ஜனவரி 19 அன்றுதான் நின்றது. நிறுத்தியது நோட்டர் டேம் பல்கலைக்கழகம். தொடருக்கு முன்பு கடைசியாக அவர்களைத் தோற்கடித்ததும் அதே நோட்டர் டேம்தான்!

அந்தக் கடைசி ஆட்டத்தை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. ஏறக்குறைய மூன்றரை நிமிடம் மிச்சம்; யூசிஎல்ஏ 70, நோட்டர் டேம் 59. இத்தனை விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி அப்போது கல்லூரி ஆட்டத்தில் கிடையாது; அது 1985இல்தான் வந்தது. பந்தைக் கைமாற்றிக்கொண்டே பொழுதைப் போக்கியிருக்கலாம். செய்யவில்லை. அதன்பின் அவர்களுக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை. நோட்டர் டேம் 12 புள்ளிகள் எடுத்தது. 71-70.

அதற்கு முன் அந்த 88 ஆட்டங்களையும் யூசிஎல்ஏ எப்படி வென்றது என்றால், ஆள் பலம்தான் முதல் காரணம். அவர்களின் ஆட்டக்காரர் பில் வால்டன் 1973 தேசிய இறுதியாட்டத்தில் 22 முறை எறிந்து 21 முறை கூடைக்குள் போட்டவர். ஆனால் என் மனத்தில் நிற்பவர் பயிற்றுநர் ஜான் வூடன். 1948இல் பொறுப்பேற்றவருக்கு முதல் தேசியப் பட்டம் 1964இல்தான் கிடைத்தது. நம் ஊர் நிர்வாகங்கள் மூன்றாம் ஆண்டே மூட்டை கட்ட வைத்திருக்கும்! அதையும் சேர்த்து 12 ஆண்டுகளில் 10 பட்டங்கள்.

பருவத் தொடக்கத்தில் அவர் நடத்திய பாடம் என்ன தெரியுமா? காலுறை மாட்டுவது. குதிகாலிலும் சுண்டுவிரலிலும் சுருக்கமே இல்லாமல் இழுத்துவிட வேண்டும். சப்பாத்துக் கயிற்றைத் துளை துளையாக இறுக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் ஆள் வெளியே.

இது எனக்குக் காலம் கடந்துதான் உறைத்தது. உடற்கல்வி ஆசிரியராக இருந்தபோது, ஒரு வட்டாரப் போட்டிக்கு என் அணியின் சிறந்த பையன் ஓர் அளவு பெரிய சப்பாத்தோடு வந்தான். வளர்கிற பிள்ளை என்று வீட்டில் வாங்கிக் கொடுத்தது. நானும் தலையாட்டிவிட்டேன். இடைவேளையில் காலுறையைக் கழற்றினால், குதிகால் தோலும் கூடவே வந்தது. தோற்றோம். உங்கள் மகன் விளையாடுகிறவனாக இருந்தால், அவன் சப்பாத்தின் முனையைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: கல்லூரி ஆட்டத்தில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர் பீட் மராவிச்சா, கெய்ட்லின் கிளார்க்கா?
– வாசகர், கெப்போங்

பதில்: எண்ணிக்கையில், பெண்கள் ஆட்டத்தில் ஆடிய கிளார்க். 2024இல் 3,951 புள்ளிகளோடு முடித்தார். 1960களின் இறுதியில் ஆண்கள் ஆட்டத்தில் ஆடிய மராவிச் 3,667. ஆனால் முதலாம் ஆண்டு மாணவர்களை முதன்மை அணியில் சேர்க்காத காலம் அது. அவருக்குக் கிடைத்தது மூன்று பருவங்கள் மட்டுமே. தொலைவிலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் கோடும் அப்போது கிடையாது. ஆட்டத்துக்குச் சராசரி 44.2! கிளார்க்கை எனக்கு மிகவும் பிடிக்கும், இருந்தாலும் என் ஓட்டு மராவிச்சுக்கே.

கேள்வி: கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் நன்றாக விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தாரா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உங்கள் பேட்டையில் ஒய்எம்சிஏ இருக்கிறதல்லவா, அதே இயக்கம் அமெரிக்காவில் நடத்திய பயிற்சிப் பள்ளியில்தான் 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் பீச் பழக்கூடையை மாட்டி ஆட்டத்தைத் தொடங்கினார். பின்னர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்றுநர். 55 வெற்றி, 60 தோல்வி. என் கணக்கைக் கேட்டுவிடாதீர்கள்.