மகள் பிளாஸ்டிக் சர்ஜரி படிக்க ஆசைப்படுகிறாள் என்று பயப்படாதீங்க, அக்கா

அக்கா, நீங்களும் மகளும் வந்து போன பிறகு மனசு கேட்கவில்லை. "பணக்காரங்க அழகாகிறதுக்குச் செய்யிற வேலைக்கா இத்தனை வருஷம் படிக்கணும்?" என்று கேட்டீங்க, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

அவள் சொன்னது கொழுப்பு ஒட்டுச் சிகிச்சையைப் பற்றி. குப்பி விளக்கு சரிந்து முகம் வெந்த பிள்ளைகளைத் தோட்டத்து லயத்தில் நீங்களே பார்த்திருப்பீங்க. காயம் ஆறிவிடும், ஆனால் கன்னம் குழிந்து, தோல் கெட்டியாகி, அந்தப் பிள்ளை ஆட்கள் முன்னால் தலை நிமிராது. அந்தக் குழியை நிரப்ப அதே ஆளின் வயிற்றிலோ தொடையிலோ இருந்து மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். இது நேற்று வந்த நாகரிகமும் இல்லை. 1893இலேயே ஜெர்மனியில் குஸ்தாவ் நொய்பர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் நோயாளியின் கையிலிருந்து எடுத்த கொழுப்பை வைத்து முகத்தழும்பின் பள்ளத்தை நிரப்பியிருக்கிறார். விபத்தில் முகம் சிதைந்தவர்கள், புற்றுநோய்க்கு வெட்டி எடுத்தவர்கள், பிறவியிலேயே ஒரு பக்கம் வளராதவர்கள் என்று பலருக்கும் இன்று இது செய்யப்படுகிறது.

மகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு குழாயை வரைந்து மூன்று கோடு போட்டிருந்தாளே, கவனிச்சீங்களா? எடுத்த கொழுப்பை இயந்திரத்தில் சுழற்றினால் மேலே எண்ணெய், அடியில் இரத்தமும் நீரும், நடுவில் நல்ல கொழுப்பு என்று பிரியும், அந்த நடுப்பகுதி மட்டும்தான் முகத்துக்குப் போகும். அதையும் மொத்தமாகத் திணிக்க முடியாது. புது இடத்தில் இரத்த ஓட்டம் கிடைத்தால்தான் அது உயிரோடு இருக்கும் என்பதால் துளித்துளியாக, பல அடுக்கில் வைக்கணும். தேயிலைக் கன்றை ஒரே குழியில் பத்தாக நட்டால் எது வேர் பிடிக்கும், சொல்லுங்க? அப்படி வைத்தாலும் ஒரு பகுதி கரைந்துபோகும், பலருக்கு இரண்டாம் தடவையும் செய்ய வேண்டி வரும். அபூர்வமாக, கொழுப்பு இரத்தக்குழாய்க்குள் போனால் கண் பார்வையே போகலாம். இத்தனை வருடப் படிப்பு அதுக்குத்தான்.

சரி, பாதைக்கு வருவோம். உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் எடுக்கணும். அப்புறம் மருத்துவபீடம் ஐந்து வருடம், உள்ளகப் பயிற்சி ஒரு வருடம். அதோடு அவள் சம்பளம் வாங்குகிற டொக்டர். நிபுணராவதற்கான மேற்படிப்பு அதற்குப் பிறகுதான், அதையும் வேலையில் இருந்துகொண்டே படிக்கலாம். அதனால் முப்பத்தைந்து வயது வரைக்கும் வீட்டுக்கு ஒன்றும் வராது என்று நினைக்காதீங்க. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணமும் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தும் முகம், தாடை சத்திரசிகிச்சைக்குப் போகலாம், இதை நம்ம பக்கத்தில் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை.

ஒன்றே ஒன்று, தயவுசெய்து அவசரப்படாதீங்க. நல்ல டியூஷன் என்று கொழும்புப் பாடசாலைக்கு மாற்றப் பார்க்கிறதாகச் சொன்னீங்க. பல்கலைக்கழக அனுமதியில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில், அதாவது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒதுக்கிய இடங்களாகப் போகிறது, பின்தங்கிய 16 மாவட்டங்களுக்குத் தனியாக 5 வீதம், நுவரெலியாவும் பதுளையும் அதில் இருக்கு. பரீட்சைக்கு முந்தைய வருடங்களில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாள் என்பதை வைத்துத்தான் மாவட்டம் தீர்மானமாகும். இங்கே இருக்கிற சலுகையை நீங்களே கைநழுவ விடாதீங்க.

இன்னொன்று, மருத்துவபீடத்தில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தினம் அரைமணி நேரமாவது இப்போதே வாசிக்கச் சொல்லுங்க. மருத்துவபீட அனுமதிக்கு வேண்டிய வெட்டுப்புள்ளி கிடைக்காமல் போனால் தாதியர் படிப்பு இருக்கு, இயன்மருத்துவம் (பிசியோதெரபி) இருக்கு. தீக்காயப்பட்ட பிள்ளைக்கு அவர்களும் டொக்டர் அளவுக்கு வேணும்.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு வாங்க. அந்தக் கொப்பியையும் எடுத்துவரச் சொல்லுங்க, அக்கா.